மூக்கும் காதும் எழுதிய கடிதம்

கடிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு முறை நன்றாக முகர்ந்து பார்த்தான் வாத்தி.

"என்ன பண்ற?" என்றாள் கொக்கி.

"இல்லக்கா, ஒரே பக்கத்துல ஏழு வாசனை எழுதியிருக்கு. ஒண்ணாவது வருதான்னு பார்த்தேன். கீழ்க்கடை ஜெராக்ஸ் மை வாசனைதான் வருது."

எதிர் நாற்காலியில் இருந்த பெண் சிரிக்கவில்லை. முப்பத்து மூன்று வயது. நான்கு நாளாகச் சரியாகத் தூங்காத முகம். மடியில் கைப்பை, கைப்பை மேல் விரல்கள். பேசாத நேரத்திலும் அந்த விரல்கள் டைப் அடிப்பதுபோல அசைந்துகொண்டே இருந்தன.

வாத்தி தன் நகைச்சுவையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். பன்னிரண்டு வருஷம் ஒரு டுடோரியலில் ஆங்கிலம் நடத்தி, அதை இழுத்து மூடிய பிறகு கொக்கியிடம் உதவியாளாக வந்து சேர்ந்தவன். கொக்கியோ இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் துருவித் துருவிக் கண்டுபிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவள். கேட்கிற கேள்வியிலேயே கொக்கி போட்டு ஆளை இழுத்துவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. வயது ஐம்பத்தொன்று. பெயரைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை.

"மறுபடி ஒரு தடவை சொல்லும்மா. இவனுக்கு ஒரே தடவையில ஏறாது" என்றாள் கொக்கி.

அந்தப் பெண் சொன்னாள். அவளுடைய அப்பாவை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது அவருக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது. மனைவியும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். மிச்சம் இருந்தது ஏழு வயது மகளும் ஆங்கிலமும்தான். ஆங்கில வாக்கியத்தில் எந்த வார்த்தையைப் போட்டால் வாசிக்கிறவனுக்கு மணக்கும், எதைப் போட்டால் கேட்கும், எதைப் போட்டால் தொடுகிற மாதிரி இருக்கும் என்பதைப் பாடம் பாடமாக எழுதினார். அவர் வாயால் சொல்ல, மகள் டைப் அடிக்க, பதினெட்டு வருஷத்தில் ஒன்பது புத்தகங்கள் வந்தன. இப்போது பத்தாவது. எல்லாப் பாடங்களையும் திரட்டிய பெரிய கைப்புத்தகம்.

"பள்ளிக்கூடங்களுக்குன்னு ஒரு குழு இந்த மாதிரிக் கைப்புத்தகம் ஒண்ணே ஒண்ணு எடுக்குது. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள பதிப்பாளர் கொடுத்தாகணும். நாலு நாள் முன்னாடி இந்த லெட்டர் அவர் ஆபீசுக்குப் போயிருக்கு. அப்பா பேர்ல."

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. சாரம் இதுதான்: என்னால் முடியவில்லை, புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், தயவு செய்து என்னைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். கீழே மாஸ்டரின் கையெழுத்து.

"கையெழுத்து?"

"அப்பாவோடதுதான். அதுல சந்தேகமே இல்ல. அவர் முன்னாடி பேப்பரை வச்சு, கையைப் பிடிச்சு இடம் காட்டி, கையெழுத்து வாங்கறது இந்த உலகத்துலயே நான் ஒருத்திதான்." கைப்பை மேல் அவள் விரல்கள் நின்றன. "அதனால அவர் என்னைத்தான் கேட்டார். ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு. பண்ணினியான்னு கேட்கல. ஏன் பண்ணினேன்னு கேட்டார். நான் டைப் அடிக்கிற நாற்காலியைத் தூக்கி வெளியே நடையில போடச் சொல்லிட்டார்."

"உனக்கு அவரை விட்டுப் போக ஏதாவது காரணம் இருக்கா?" கொக்கி முதல் கொக்கியைப் போட்டாள்.

"வெளியூர்ப் பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சிருக்கு. போகலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன். பெரியப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன். பதிப்பாளரை நான் அப்படித்தான் கூப்பிடறது. அப்பாவோட முப்பது வருஷ சிநேகிதர். இப்ப அப்பாவுக்கும் அது தெரிஞ்சிருக்கு."

வாத்தி கடிதத்தில் ஆழ்ந்திருந்தான். முதல் பத்தி மனிதரின் அறையை வர்ணித்தது. ஈரச் சுவரின் 'மஸ்டி' வாடை, அதாவது நெடுநாள் மூடிய அலமாரியைத் திறந்தால் வருமே அது. கதவு 'க்ரீக்' என்கிறது. நாற்காலிக் கை 'ரஃப்'. தூரத்து மழை இலைகளில் 'ரஸில்' என்று சலசலக்கிறது. அப்புறம் மருந்து வாடை, பழைய காகித வாடை, இன்னும் நாலு வாடை.

"அக்கா, என் பன்னிரண்டு வருஷ சர்வீஸை வச்சுச் சொல்றேன்" என்று தொண்டையைச் செருமினான். "இதை எழுதினது கண்ணில்லாதவர்தான். முப்பது வரியில கண்ணால பார்க்கிற வார்த்தை ஒண்ணு கூட இல்ல. எல்லாம் மூக்கு, காது, தோல். மாஸ்டர் எழுத்துன்னாலே அப்படித்தான். ஒண்ணு அவரே எழுதிட்டு மறந்திருக்கணும். இல்ல, அவரைக் கரைச்சுக் குடிச்சவங்க யாரோ எழுதியிருக்கணும்."

"கரைச்சுக் குடிச்சவங்கன்னா, நான்தானே சார்?" என்றாள் அந்தப் பெண்.

வாத்திக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"மாஸ்டர் புஸ்தகம் நீ படிச்சிருக்கியா?" என்று கேட்டாள் கொக்கி.

"என்னக்கா கேள்வி இது? அதை வச்சுத்தானே பாடமே எடுத்தேன்."

கொக்கி கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "கையெழுத்து ஏன் பக்கத்து நடுவுல இருக்கு?"

பார்த்தால், ஆமாம். வரிகள் மூச்சு முட்ட நெருக்கி மேல்பாதியில் அடைக்கப்பட்டிருந்தன. கையெழுத்து சரியாக நட்ட நடுவில். அதற்குக் கீழே அரைப் பக்கம் சும்மா காலியாகக் கிடந்தது.

"லெட்டர் எழுதிட்டுக் கையெழுத்துக்கு இடம் விடுவாங்க" என்றான் வாத்தி. "இங்க கையெழுத்தைப் போட்டுட்டு லெட்டருக்கு இடம் தேடியிருக்காங்க."

"பரவாயில்ல, தேறிட்டே" என்றாள் கொக்கி. பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா இந்த லெட்டரை முழுசாக் கேட்டாரா?"

"இல்ல. பெரியப்பா போன்ல விஷயத்தைச் சொன்னார். கையெழுத்து என்னோடதான்னு மட்டும் கேட்டார் அப்பா. ஆமான்னதும் வச்சுட்டார். படிக்க வேண்டாம், மகளுக்கே வேண்டாம்னா புஸ்தகமும் வேண்டாம்னுட்டார்."

"நீ படிச்சே. அது அவர் எழுத்தா?"

"இல்ல."

"எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் கைப்பையை மூடினாள். "அதை நான் சொன்னா எனக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும் மேடம். அப்பா நம்ப மாட்டார். நீங்களே பார்த்துக் கண்டுபிடிங்க." எழுந்தவள், பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மாஸ்டரின் மூன்றாவது புத்தகம். வாத்தி அதைச் சட்டென்று எடுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

பதிப்பாளரின் அலுவலகம் அச்சகத்துக்கு மேல்மாடி. கீழே மெஷின் ஓட ஓட மேஜைமேல் தண்ணீர் டம்ளரும் அவர் மகளின் கல்யாணப் படமும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தன. சுவரில் பெரிய கண்ணாடி அலமாரி. அதன் நடுத்தட்டில் மாஸ்டரின் ஒன்பது புத்தகங்கள் வரிசையாக, தூசு தும்பு இல்லாமல், அச்சாகி வந்த மெருகு குலையாமல் நின்றன.

"நல்லாப் பாதுகாக்கறீங்க சார். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கல" என்றான் வாத்தி.

"கோயில் மாதிரிப்பா எனக்கு அது" என்றார் பதிப்பாளர். பருத்த உடம்பு, பாசமான முகம், கண்ணில் எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் வரத் தயாராக இருந்தது. "ஒவ்வொரு வரியும் எனக்கு அத்துப்படி. ஒன்பது வெளியீட்டு விழாவிலயும் மேடையில நின்னு அழுதிருக்கேன். கேட்டுப் பாருங்க."

கேட்காமலே தெரிந்தது. இப்போதும் கைக்குட்டையை எடுத்தார்.

"இது மாஸ்டர் எழுத்துதானா சார்?" கொக்கி கடிதத்தை நீட்டினாள்.

"முதல் வரியைப் பார்த்ததுமே தெரிஞ்சதும்மா. அவன் உலகமே வாசனையும் சத்தமும்தானே. பாவம், கண்ணு இல்லாதவனுக்கு வேற என்ன இருக்கு? ஆனா அவன் எழுதச் சொல்லி எழுதினதா, இல்ல..." நிறுத்தினார். "அந்தக் குழந்தையைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அதுக்கும் வயசாகுது. வேலை கிடைச்சிருக்கு. எத்தனை காலம்தான் அப்பன்கூடவே கிடக்கும்? அதான் நானே அவன்கிட்ட நயமாச் சொன்னேன், பொண்ணைக் கோவிச்சுக்காதேடான்னு."

"அவ வேலை விஷயத்தை நீங்கதான் சொன்னீங்களா?"

"நல்லதுக்குத்தாம்மா."

மேஜை ஓரத்தில் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் மாஸ்டரின் கையெழுத்து. வாத்தி ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"முதல் நூறு பிரதியில ஒட்டறதுக்கு. அது எங்க வழக்கம். ஒரு பெரிய தாளுக்கு ஒரு கையெழுத்துன்னு நடுவுல வாங்கிட்டு அப்புறம் வெட்டிக்குவோம். போன மாசம் இங்க வந்து போட்டுக் கொடுத்தான். இனி என்னத்துக்கு இதெல்லாம்" என்று பெருமூச்சு விட்டார்.

"அன்னைக்கு மகள் கூட வந்தாங்களா?"

"வந்தாளே. கீழ புரூஃப் பார்த்துட்டு இருந்தா. அவன் கையைப் பிடிச்சு இடம் காட்டினது நான்தான்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

மாஸ்டர் வீட்டுக்கு வழி கேட்டதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். குப்பைத் தாள் தட்டிலிருந்து ஒரு தாளை உருவி, பேனாவால் தெரு, சந்து, தண்ணீர்த் தொட்டி என்று அழகாகப் படமே போட்டுக் கொடுத்தார். வழிகாட்டுவதில் அவருக்கு நல்ல கை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வாத்தி கக்கத்துப் புத்தகத்தை எடுத்து, ஏதோ பழைய சிநேகிதனைப் பார்க்கிற பாவனையில் பிரித்தான். கொஞ்ச நேரத்தில் பாவனை கழன்றது.

முதல் பாடம் இப்படி ஆரம்பித்தது: 'வாக்ட்' என்று எழுதினால் ஒருவன் நடக்கிறான், அவ்வளவுதான். 'ஷஃபிள்ட்' என்று எழுதினால் அவன் செருப்பு தரையில் தேய்வது கேட்கிறது, அவன் களைத்திருப்பதும் தெரிகிறது. ஒரு வார்த்தையை மாற்றி ஒரு ஆளையே மாற்றலாம். வாத்தி இதை டுடோரியலில் சொல்லியிருந்தால் பையன்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் பாடம் அவனை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'ரெட்' என்று எழுதாதே, கண் தாண்டிப் போய்விடும். 'ரஸ்ட்' என்று எழுது. துருவின் நிறம். பார்க்கும்போதே நாக்கில் இரும்பு ருசிக்கும். அடுத்த பக்கத்தில் ஒரு கதவு, பழைய பாட்டிலின் பச்சையில். அதற்கடுத்த பக்கத்தில் அடிபட்ட இடத்தின் ஊதாவில் ஒரு மாலை வானம். புரட்டப் புரட்ட நிறம். மஞ்சளிலேயே பதினோரு வகை.

"அக்கா" என்றான், குரலில் சுருதி இறங்கியிருந்தது. "மாஸ்டர் நிறமா எழுதித் தள்ளியிருக்கார்."

"அப்படியா?" கொக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெட்டர்ல ஒரு நிறம் கூட இல்லையே. அப்ப அது அவர் எழுத்து இல்ல."

"காலைல வேற என்னமோ சொன்னியே. பன்னிரண்டு வருஷ சர்வீஸ்."

"அதை விடுங்கக்கா."

"விட மாட்டேன். இந்தப் புஸ்தகத்தை நீ படிச்சிருக்கியா, இல்லையா?"

பஸ்ஸில் இறங்கி ஓட வழியில்லை. "படிச்ச மாதிரி பழகியிருக்கேன்" என்றான் வாத்தி. "முன்னுரை மட்டும் படிச்சேன். மீதிக்கு நோட்ஸ் வித்தாங்க."

"முன்னுரையில என்ன இருக்கு?"

புரட்டினான். 'இருளில் வாழும் என் நண்பனுக்கு வாசனையும் சத்தமுமே செல்வம். இந்தப் பக்கங்களில் நீங்கள் காண்பது கண்ணற்றவனின் மூக்கும் காதும்.' அப்படியே அவன் காலையில் சொன்னது. மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பித்த மாதிரி ஒப்பித்திருக்கிறான். வெட்கமாக இருந்தது.

"படிக்காதவன் மாஸ்டர் எழுத்தைப் பத்தி என்ன நினைப்பான்னு காலைலயே நீ காட்டிக் கொடுத்துட்டே" என்றாள் கொக்கி. "இந்த லெட்டரை எழுதினவங்களும் அதையேதான் நினைச்சிருக்காங்க. தினமும் டைப் அடிக்கிறவ அப்படி நினைப்பாளா? சரி, அந்த முன்னுரையை எழுதினது யாரு?"

வாத்தி பக்கத்தைத் திருப்பினான். கீழே இருந்த பெயரைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த வழிப்படத்தைப் பார்த்தான், அதே ஆள் போட்டது.

"அதையும் கொஞ்சம் திருப்பிப் பாரு" என்றாள் கொக்கி.

குப்பைத் தாளின் பின்பக்கம் ஒரு மேலட்டை மாதிரி அச்சாகியிருந்தது. ஆங்கில வர்ணனைக் கைப்புத்தகம், பள்ளிகளுக்கானது. அதில் இருந்தது வேறு ஒருவரின் பெயர். அந்தப் பெயருக்குக் கீழே படமாக இருந்த முகத்தை அவர்கள் இருவருமே ஒரு மணி நேரம் முன்பு பார்த்திருந்தார்கள். பதிப்பாளரின் மேஜைமேல் இருந்த படத்தில், கல்யாணக் கோலத்தில், அவருடைய மகள் பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளை.

கொக்கி போனை எடுத்தாள். "சார், லெட்டர் எழுதினது யாருன்னு தெரிஞ்சிடுச்சு. மூணு மணிக்கு மாஸ்டர் வீட்டுக்கு வந்துடுங்க. நீங்க பக்கத்துல இருந்தா அவருக்கு ஆறுதலா இருக்கும்."

மாஸ்டர் வீட்டு நடையில் சுவரோரம் ஒரு நாற்காலி கிடந்தது. உட்காரும் இடத்தில் பதினெட்டு வருஷத்துப் பள்ளம். மகள் அதன் பக்கத்தில் நின்றாளே தவிர, அதில் உட்காரவில்லை.

உள்ளே மாஸ்டர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மெலிந்த, நேரான உடம்பு. மேஜைமேல் டைப் மெஷின் உறை போட்டு மூடியிருந்தது. அறையில் மஸ்டி வாடை இல்லை. கதவுக்கு எண்ணெய் போட்டிருந்தது, க்ரீக் கேட்கவில்லை. நாற்காலிக் கை தேய்ந்து வழவழவென்று இருந்தது. எழுதியவர் இந்த அறைக்கு வந்திருப்பார், ஆனால் கவனித்ததில்லை என்று வாத்தி நினைத்தான்.

மூன்று மணிக்குப் பதிப்பாளர் வந்தார். வந்ததும் நண்பரின் தோளைத் தழுவிக்கொண்டார். "கலங்காதேடா. நான் இருக்கேன்."

"நீ இருக்கேடா. அது போதும்" என்றார் மாஸ்டர்.

வாசலில் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாஸ்டர், இந்த லெட்டரை நீங்க முழுசாக் கேட்கல" என்றாள் கொக்கி. "இப்ப கேளுங்க. வாத்தி, படி."

"இப்ப எதுக்கும்மா அந்தக் கண்ராவி? அவன் மனசு..." என்று பதிப்பாளர் குறுக்கே வந்தார்.

"படிக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

வாத்தி படித்தான். டுடோரியல் குரலில், ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழும்படி படித்தான். வாடை, சத்தம், சொரசொரப்பு, மழை, மறுபடி வாடை. மாஸ்டரின் முகம் முதலில் இறுகியிருந்தது. இரண்டாம் வரியில் புருவம் சுருங்கியது. ஐந்தாம் வரியில் தலை மெல்லச் சாய்ந்தது. பத்தி முடிவதற்குள் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இதை யாரு எழுதினது? குருடன் எழுதின மாதிரி இருக்கே."

வாத்தி கடிதத்தை மடித்தான்.

"நான் இருபத்தாறு வருஷமாக் குருடன். ஒரு நாள் கூடக் குருடன் மாதிரி எழுதினதில்ல. இதுல நிறம் எங்கே? என் மக டைப் அடிச்சு நிறம் இல்லாம ஒரு பக்கம் இந்த வீட்டை விட்டுப் போனதே கிடையாது." குரல் உயர்ந்தது. "எனக்கு என்ன நிறம் ஞாபகம் இருக்கும்னு நினைக்கறீங்க? எல்லாம் மங்கிப் போச்சு. அவ ஏழு வயசிலேர்ந்து பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் கேட்டுட்டே போவேன். அந்தக் கதவு என்ன நிறம்? வானம் என்ன நிறம்? சொல்லுவா. எழுதும்போதும் அதேதான். வாக்கியத்தை நான் சொல்லுவேன், நிறம் வர்ற இடத்துல நிறுத்துவேன். அவ ஒரு வார்த்தை போடுவா. அந்த ரஸ்ட் அவளோடது. அந்தப் பாட்டில் பச்சை அவளோடது. இதை அவ எழுதியிருந்தா..."

அங்கே நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

வாத்தி கையிலிருந்த மூன்றாவது புத்தகத்தின் முதல் பக்கங்களை ஒரு தடவை புரட்டினான். நன்றிப் பட்டியலில் காகிதம் கொடுத்தவர் இருந்தார், பைண்டர் இருந்தார், பதிப்பாளர் மூன்று வரிக்கு இருந்தார். மகளைக் காணோம்.

"எழுதினவர் உங்களை நல்லாத் தெரிஞ்சவர்தான் மாஸ்டர்" என்றாள் கொக்கி. "ஆனா உங்களை ஒரு பக்கம் கூடப் படிக்காதவர். கண்ணில்லாதவர் இப்படித்தான் எழுதுவார்னு அவரா நினைச்சுக்கிட்டார். மூணாவது புஸ்தகத்து முன்னுரையிலயும் அதையேதான் எழுதியிருக்கார். சார், உங்க அலமாரியில இருக்கிற ஒன்பது புஸ்தகத்துலயும் பிளாஸ்டிக் பிரிக்கல. மூணாவது புஸ்தகத்துல, ரெண்டாம் பாடத்துல வர்ற மாலை வானம் என்ன நிறம்?"

பதிப்பாளர் சிரிக்கப் பார்த்தார். "என்னம்மா இது, பரீட்சையா? இத்தனை வருஷத்துல..."

"ஒவ்வொரு வரியும் அத்துப்படின்னீங்களே சார்" என்றான் வாத்தி. "பயப்படாதீங்க, காலைல நானும் பெயில்தான்."

கொக்கி வழிப்படத்தை எடுத்து, பின்பக்கம் தெரியும்படி மேஜைமேல் வைத்தாள். பதிப்பாளர் அதைப் பார்த்தார். தன் கையால் போட்ட படத்தையே அடையாளம் தெரியாதவர்போல வெகுநேரம் பார்த்தார்.

"நூறு தாளுக்கு மேல வாங்கினீங்க. மிச்சமான ஒண்ணுல மேலே லெட்டரை அடிச்சீங்க. அதான் கையெழுத்து நடுவுல இருக்கு" என்றாள் கொக்கி. "குழு ஒரு புஸ்தகம்தான் எடுக்கும். இவர் தானா விலகினா உங்க மாப்பிள்ளை புஸ்தகம் உள்ளே போகும். நீங்க விலக்கினா சிநேகிதம் போகும். அதனால அவரையே விலக வச்சீங்க. பழியைச் சுமக்க ஒரு ஆள் வேணும். வேலை விஷயத்தை நம்பிச் சொன்ன பொண்ணு கிடைச்சா."

பதிப்பாளர் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார். "என் பொண்ணு தினம் போன் பண்ணி அழறாடா. மாப்பிள்ளைக்கு எதுவும் அமையல. அவங்க வாழ்க்கைடா. உன்கிட்ட நேரா எப்படிக் கேட்பேன்? எந்த மூஞ்சியை வச்சுக் கேட்பேன்?"

"கேட்டிருந்தாக் கொடுத்திருப்பேன்" என்றார் மாஸ்டர்.

அது உண்மை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பதிப்பாளருக்கும்தான். இந்தத் தடவை அவர் கைக்குட்டையைத் தேடவில்லை, கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுடா" என்றார் மாஸ்டர், மெதுவாக. "ஒன்பது மேடையில அழுதியே. எதைப் படிச்சு அழுதே?"

மாஸ்டர் காத்திருந்தார். இருபத்தாறு வருஷமாக அந்தக் குரலை மட்டும் வைத்தே அந்த மனிதரை அறிந்தவர், இப்போது அது வராமல் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொக்கி மணியைப் பார்த்தாள். மூன்று இருபது. அவள் சொல்லாமலே பதிப்பாளர் போனை எடுத்து ஆபீசுக்குப் பேசினார். மாஸ்டர் புத்தகத்தையே குழுவுக்கு அனுப்பு, உடனே ஆளை விடு. அந்தப் பக்கம் சரி என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. எழுந்து, தோளைத் தொடக் கை நீட்டி, தொடாமல் நின்றார்.

"புஸ்தகம் வரட்டும். நீ வராதே" என்றார் மாஸ்டர்.

பதிப்பாளர் நடையில் இருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார். "அம்மாடி..." என்றார் அந்தப் பெண்ணைப் பார்த்து.

"பார்த்துப் போங்க சார்" என்றாள் அவள். பெரியப்பா என்கிற வார்த்தை அதோடு போயிற்று.

காலடிச் சத்தம் தெருவில் தேய்ந்தது. மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் இரண்டு மொழியிலும் எத்தனையோ இருக்க, ஒன்பது புத்தகம் எழுதியவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"அந்த நாற்காலியை உள்ளே போடச் சொல்லும்மா" என்றார் கடைசியில்.

வாத்திதான் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். அவள் வந்து உட்கார்ந்தாள். மெஷின் உறையைக் கழற்றினாள், காகிதத்தைச் செருகினாள், உருளையைத் திருகினாள். எல்லாம் பழக்கத்தில் நடந்தன.

"இந்தப் புஸ்தகத்துக்கு முன்னுரையை நானே சொல்றேன்" என்றார் மாஸ்டர். முதுகு நிமிர்ந்தது, குரலில் பழைய தெம்பு திரும்ப ஆரம்பித்தது. "உன் பேரும் அதுல வரணும். வரும். முதல்ல அறையிலேர்ந்து ஆரம்பிப்போம்."

"நான் பண்ணினேனான்னு நீங்க கேட்கவே இல்லப்பா" என்றாள் அவள், காகிதத்தைப் பார்த்தபடி.

"அதான் சரியாயிடுச்சேம்மா."

"ம்."

அவர் ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்தைச் சொன்னார். நான் என் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். விசைகள் தடதடத்தன. என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருக்கிறது. தடதடத்தன. ஜன்னலுக்கு வெளியே வானம்...

இருபத்தாறு வருஷ வழக்கப்படி அங்கே நிறுத்தினார். "என்ன நிறம்மா?"

அவள் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். வாத்தியும் பார்த்தான். வெளியே மூன்றரை மணி வெயில். ஒரு துணுக்கு மேகம் கூட இல்லை. கண் கூசும் நீலம். அவன் பஸ்ஸில் படித்த வார்த்தைகளில் எதைப் போட்டாலும் பொருந்தியிருக்கும்.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பல் நிறம்ப்பா" என்றாள்.

வாத்தி வாயைத் திறந்தான். மேஜைக்கு அடியில் கொக்கி அவன் காலை அழுத்தி மிதித்தாள். மாஸ்டர் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனார். விசைகள் அந்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தன.